செக்கிங் மேடமும் பாப்லர் குச்சிகளும்

குரலை உயர்த்தாமல், ஒரு கெட்ட வார்த்தை சொல்லாமல், வாக்கியத்துக்கு நாலு 'ங்க' போட்டுப் பேசியே ஒருத்தியை அழவைக்க முடியும் என்பதை நான் திருப்பூருக்கு வந்துதான் பார்த்தேன். எங்கள் பனியன் கம்பெனியில் அதைத் தினமும் செய்துகொண்டிருந்தவர் செக்கிங் மேடம். அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. முதலாளி முதல் கேட் வாட்ச்மேன் வரை யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை. நானும் இங்கே சொல்லப்போவதில்லை.

ஐம்பதைத் தொட்ட வயது. ஒல்லி. கஞ்சி போட்ட காட்டன் சேலை. சோமனூரிலிருந்து தினமும் கம்பெனி வேனில், டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து வருவார். கண்ணாடி கிடையாது. அந்த வயதிலும் ட்யூப் லைட் வெளிச்சத்தில், கறுப்பு டீ-ஷர்ட்டில் கறுப்பு நூல் ஒரு தையல் விட்டுப்போயிருப்பதை வெறுங்கண்ணால் பிடிப்பார். எதைக் கையில் எடுத்தாலும் முதலில் உள்பக்கத்தைத் திருப்புவார். பனியனை மட்டுமல்ல. டீ டம்ளரைக் குடித்து முடித்ததும் கவிழ்த்து அடியைப் பார்ப்பார். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் பின்பக்கத்தைப் பார்ப்பார். ஒருமுறை நான் புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு போனபோது, "நல்லாருக்குதுங்க கண்ணு," என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டி, என் துப்பட்டாவின் ஓரத்தைத் திருப்பி, அங்கே தையல் பிரிந்திருந்ததைக் காட்டிவிட்டுப் போனார். அன்று முழுக்க அந்த ஓரத்தை மறைத்துக்கொண்டே திரிந்தேன்.

நான் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். ஆறு வருஷம் அவர் பக்கத்தில் நின்று ரெஜிஸ்டர் எழுதினேன். அவர் பீஸைப் பார்ப்பார். நன்றாக இருந்தால் வலப்பக்கம் வைப்பார், அது பாஸ். குறை இருந்தால், குறை இருக்கும் இடத்தைக் காட்டுகிற மாதிரி ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி இடப்பக்கம் போடுவார், அது ரிஜெக்ட். நான் எண்ணிக்கை எழுதுவேன். சாயங்காலம் ரிஜெக்ட் ஆனதையெல்லாம் எடுத்துக் கத்தரிக்கோலால் குறுக்கே வெட்டிப் போடவேண்டும். வெளிநாட்டு லேபிள் ஒட்டிய துணி, குறையோடு ரோட்டோரக் கடைக்குப் போய்விடக் கூடாது என்பது துணி வாங்குகிறவர்களின் கண்டிப்பு. அவர்கள் சொல்லியிருக்காவிட்டாலும் மேடம் வெட்டியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். வெட்டுகிற நேரத்தில்தான் அவர் முகம் கொஞ்சம் தளர்ந்து இருக்கும்.

தேனியிலிருந்து புதிதாக வந்த ஒரு பெண், காலரில் இருந்த ஓட்டையைக் கவனிக்காமல் விட்டுவிட்டாள். மேடம் அவளைக் கூப்பிட்டார். திட்டவில்லை. ஒரு சிவப்பு அம்பை உரித்து, அவள் கண்ணைக் காட்டுகிற மாதிரி கன்னத்தில் ஒட்டினார். "எடுத்துராதீங்க கண்ணு. மத்தியானம் சோத்து பெல் அடிக்கிற வரைக்கும் இருக்கட்டுமுங்க," என்றார். அவள் அந்த அம்போடு நாலு மணி நேரம் நின்று பீஸ் பார்த்தாள். தண்ணீர் குடிக்கப் போகும்போது தையல் லைனில் இருக்கும் ஆண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை. "அவ்வளவுதானுங்களா?" என்று மட்டும் மேடம் கேட்டார். நான் ரெஜிஸ்டரில் ஆப்சென்ட் போட்டேன்.

ஆனால் அவரை வெறும் கொடுமைக்காரி என்று சொல்லி முடித்துவிட என்னால் ஆகாது. ஒரு தடவை கைக்குழந்தைகளுக்கான உடுப்பு லோடு தயாராகி, அட்டைப்பெட்டி ஒட்டி, லாரி வாசலில் நிற்கிறது. வெளியிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் அங்கொன்று இங்கொன்றாகப் பத்துப் பெட்டியைத் திறந்து பார்த்துச் சரி சொல்லிவிட்டுப் போய்விட்டார். எல்லா ஊரிலும் அப்படித்தான். எல்லாவற்றையும் யாரும் பார்ப்பதில்லை. மேடத்துக்கு அது ஆகாது. "நூத்துக்கு நூறு பார்க்கோணுமுங்க," என்று எல்லாப் பெட்டியையும் பிரிக்கச் சொன்னார். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். நாங்கள் மனதுக்குள் சபித்தோம். இரண்டு நாள் பார்த்தோம். இரண்டாம் நாள் மத்தியானம், ஒரு குட்டிச் சட்டையின் கழுத்துப் பட்டியை விரலால் உருட்டிக்கொண்டிருந்த மேடம் நின்றார். உள்ளே, மடிப்புக்கு நடுவில், உடைந்த ஊசியின் முனை. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்து எங்கள் ஒவ்வொருத்திக்கும் காட்டினார். அன்று நான் அவர் காலில் விழுந்திருப்பேன். எனக்கு அவரைப் பிடிக்கும். இதை எழுதுகிறபோதும் வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் பிடிக்கும்.

அந்த ஊசி முனைதான் அவருக்கு எதிராக யாரும் வாய் திறக்க முடியாமல் செய்துவிட்டது. அதற்கப்புறம் முதலாளி எதற்கெடுத்தாலும், "மேடம் பார்த்துட்டாங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார். கேன்டீன் அரிசி, புது வேனின் சீட் உறை, அவர் மகனுக்கு வந்த பெண்ணின் போட்டோ என எல்லாம் மேடத்தின் கைக்கு வந்து போகும். அந்தப் போட்டோவை மேடம் திருப்பிப் பார்த்து, ஸ்டுடியோ முத்திரையில் இருந்த தேதி இரண்டு வருஷம் பழசு என்று சொன்னார். அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது.

மேடத்திடம் மாட்டிக்கொண்டவள் செல்வமேரி அக்கா. தூத்துக்குடிப் பக்கம். புருஷன் இல்லை. ஒரே மகள், ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் லைன் வீடுகளில் ஒரு அறையில் இருவரும் இருந்தார்கள். அக்கா செக்கிங் டேபிளில் எனக்கு முன்னாலிருந்தே வேலை பார்த்தவள். சர்க்கரை வந்து கண்ணை மங்கவைத்துவிட்டது. அதைக் கொஞ்ச நாள் மறைத்துப் பார்த்தாள்; கண்ணுக்குப் பதில் விரலால் தடவித் தடவி ஓட்டையைக் கண்டுபிடிப்பாள். மேடத்திடம் எத்தனை நாள் நடக்கும்? ஒரு நாள் இரண்டு கை விரலை அவள் முகத்துக்கு நேரே நீட்டி, "எத்தனைங்க அம்மிணி?" என்று கேட்டார். அக்கா தப்பாகச் சொன்னாள். "நாளையிலிருந்து டேபிளுக்கு வரவேண்டாமுங்க," என்றார் மேடம். லைன் வீடு வேலைக்காரர்களுக்கு மட்டும்தான். வேலை போனால் அறையும் போகும். மகளுக்கு மார்ச்சில் பரீட்சை. அது ஜனவரி மாதம்.

அக்கா முதலாளியிடம் போய் அழுதாள். அந்த நேரம் பார்த்துத்தான் முதலாளி மெஷின் கண்காட்சிக்காக லூதியானா போய்விட்டு, ஒரு கட்டுக் குச்சியோடு திரும்பி வந்திருந்தார்.

ஈரத் துணியில் சுற்றிய நூறு குச்சிகள். சாண் நீளம், கட்டைவிரல் பருமன். இலை கிடையாது. அடுப்புக்கு வைத்தால் நன்றாக எரியும் என்றுதான் எனக்குத் தோன்றியது. முதலாளிக்குக் கணியூரில் அமராவதிப் பாசனத்தில் தோட்டம் இருக்கிறது. தென்னையில் பூச்சி விழுந்து, ஏறித் தேங்காய் இறக்க ஆள் கிடைக்காமல் சலித்துப்போயிருந்தார்.

"பாப்லருன்னு பேருங்க மேடம்," என்றார். "அங்க வயலோரம், வாய்க்காலோரம் எங்க பார்த்தாலும் இந்த மரந்தானுங்க. ஏழெட்டு வருசத்துல வெட்டிப்போடறாங்க. பிளைவுட்டுக்குப் போகுது. நம்ம அக்ரி ஆபீசரைக் கேட்டா, இது குளிர்ப் பக்கத்து மரம், நம்ம வெயிலுக்கு வராதுங்கிறாரு. வந்து காட்டோணுமுங்க. வேர் புடிச்சுட்டா தோட்டத்துக்குக் கொண்டுபோயிரலாம். நீங்க ஒரு கண்ணு வெச்சுக்குங்க."

தண்ணீர் ஊற்ற செல்வமேரி அக்காவைப் போட்டார். "வேர் புடிச்சுதுன்னா நீங்களே கணியூர்ல இருந்து பார்த்துக்குங்க அம்மிணி. அங்க ரூம் இருக்குது. அதுவரைக்கும் இங்கயே இருங்க. புடிக்கலீன்னா, அப்புறம் மேடம் சொல்றபடிங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த நாளே வியாபார விஷயமாக வெளிநாடு கிளம்பினார். ஆக, அக்கா வீடும் மகளின் பரீட்சையும் நூறு குச்சியின் அடியில் போய் நின்றது.

அக்கா சும்மா இருப்பவள் இல்லை. முதலாளி எழுதிக்கொண்டு வந்திருந்த முறையை மகளை விட்டுப் படிக்கச் சொல்லி மனப்பாடம் செய்தாள். இரண்டு நாள் தண்ணீரில் ஊறப்போட்டாள். அடியைக் கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டினாள். மண்ணும் மணலும் தென்னைநார்த் தூளும் கலந்து பிளாஸ்டிக் பையில் நிரப்பி, ஒரு கணு மட்டும் வெளியே தெரிகிற மாதிரி நட்டாள். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் பச்சை வலை கட்டி அதன் கீழே அடுக்கினாள். எட்டாம் நாள் கணுக்களில் பச்சை தெரிந்தது. பன்னிரண்டாம் நாள் சின்னச் சின்ன இலை விரிந்துவிட்டது. அக்காவுக்குக் கண் மங்கலென்றாலும் விரல் வைத்துப் பார்த்துவிட்டாள். "ஏட்டி, எலை விட்டிருக்கு! தொட்டுப் பாரு!" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். டீ பெல்லுக்கு எல்லாரும் போய்ப் பார்த்தார்கள். மேடமும் வந்தார்.

வந்தவர் குனிந்தார். முதல் பையிலிருந்த குச்சியை இரண்டு விரலால் பிடித்து வெளியே உருவினார்.

"ஐயோ மேடம்!" என்றாள் அக்கா.

"இலையைப் பார்த்து ஏமாறக் கூடாதுங்க அம்மிணி. இலை முன்பக்கமுங்க. நாம உள்பக்கம் பார்க்கோணுமுங்க."

சொன்னதில் பாதி உண்மைதான். அந்தக் குச்சி தனக்குள் இருக்கும் ஈரத்தையும் சத்தையும் வைத்தே முதலில் இலை விட்டுவிடும். வேர் பின்னால்தான் வரும். இலையை நம்பி இருந்தால் ஒரு நாள் மொத்தமாக வாடும். இதை முதலாளியின் காகிதத்திலும் எழுதியிருந்தது. மேடம் ஒரு மக் தண்ணீரில் குச்சியின் அடியைக் கழுவினார். தோலில் வெள்ளையாக இரண்டு மூன்று புடைப்பு. "இது பாஸுங்க," என்று மறுபடி செருகினார். அடுத்ததை உருவினார். நூற்றையும் உருவினார். புடைப்பு வந்தது வலப்பக்கம். எதுவும் வராமல் மொட்டையாக இருந்த முப்பத்தொன்று இடப்பக்கம். அதில் ஒவ்வொன்றுக்கும் அடியில் அம்பு ஒட்டி, ரிஜெக்ட் டப்பாவில் போட்டார். என்னைப் பார்த்து, "எழுதிக்குங்க கண்ணு. ஃபர்ஸ்ட் இன்ஸ்பெக்‌ஷன்," என்றார். எழுதினேன்.

துணிக்கு மூன்று கட்டமாக இன்ஸ்பெக்‌ஷன் உண்டு. தையல் ஓடும்போது ஒன்று, பாதியில் ஒன்று, முடிவில் ஒன்று. குச்சிக்கும் அதேதான். நாலு நாளைக்கு ஒருமுறை, நூற்றுக்கு நூறு. முளைத்த வேர் நூலைவிட மெல்லிசு. உருவும்போது பாதி மண்ணோடு அறுந்துவிடும். கழுவும்போது மீதி போகும். மேடம் அதைப் பார்த்து, "போன தடவை இருந்துச்சுங்களே, இப்ப இல்லீங்களே? தண்ணி சரியா ஊத்துலீங்களா?" என்று அக்காவைக் கேட்பார். முதலாளி வாங்கி வைத்திருந்த வேர் பிடிக்கிற பவுடரில் ஒவ்வொரு முறையும் அடியைத் தோய்த்து மறுபடி செருகுவார். அவருக்கு அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை. குறை இருந்தால் இன்னும் உன்னிப்பாகப் பார்க்கவேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம்.

எங்கள் அயர்ன் மாஸ்டர் பீகார்க்காரர். இங்கே வருவதற்கு முன் பஞ்சாபில் இதே மர நர்சரியில் கூலிக்கு இருந்தவர். ஒரு நாள் அவர் பொறுக்கமுடியாமல் வந்து நின்றார்.

"மேடம்ஜி, எடுக்காதே. அவன் உள்ளே இருக்கணும். பாத்தா அவன் வேர் விடாது. ஹிலானா நஹி, ஆட்டாதே."

"நீங்க போய் அயர்ன் பாருங்க தம்பி," என்றார் மேடம். "நேத்து காலர்ல ரெட்டை மடிப்பு விழுந்திருக்குதுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் ரெஜிஸ்டரைப் பார்த்தேன். அன்று நான் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம். "அந்த அண்ணன் சொல்றது சரிதான் மேடம்" என்று சொன்னால் போதும். கன்னத்தில் அம்பு ஒட்டிய அந்தத் தேனிப் பெண்ணை நினைத்துக்கொண்டு நின்றேன். பயம்தான். வேறு காரணம் சொல்லித் தப்பிக்கப்போவதில்லை.

பிப்ரவரி நடுவில் இலைகள் கறுக்க ஆரம்பித்தன. மூன்றாவது இன்ஸ்பெக்‌ஷனில் பாதிக்கு மேல் இடப்பக்கம் போனது. மேடம் அக்காவிடம், "பார்வைதான் போச்சுன்னு நெனைச்சேன். கையும் ஆகாதாட்ட இருக்குதுங்களே," என்றார். அக்கா மண்ணை அள்ளிப் பையில் போட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்த அக்கா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். கதவைச் சாத்திவிட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெயின்ட் வாளியை இழுத்தாள். உள்ளே ஈரமான கோராத் துணிச் சுருள்கள். சாயம் போடாத பனியன் கட்டிங் வேஸ்ட். ஒரு சுருளைப் பிரித்து என் கையில் வைத்தாள். குச்சியின் அடியைச் சுற்றி, விரல் நீளத்துக்கு வெள்ளை வேர் அடர்த்தியாக இறங்கியிருந்தது. குச்சியில் இன்னும் சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது. வாளியில் முப்பத்தொன்றும் இருந்தன.

"எப்படிக்கா?"

"நான் என்னத்தப் பண்ணேன்? குச்சிதானன்னு யாரும் வெட்டல, டப்பாவுல கெடந்ததப் பொறுக்கிட்டு வந்து துணில சுருட்டி வச்சேன். தெனம் ஒரு செம்புத் தண்ணி தெளிச்சேன். பிரிச்சிப் பாக்கல. பாத்தாலும் எனக்குத் தெரியவா போவுது? அதான் அது பாட்டுக்குக் கெடக்கட்டும்னு விட்டுட்டேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வேர் முளைத்ததால் பாஸான குச்சிகளெல்லாம் பிடுங்கிப் பிடுங்கியே செத்துக்கொண்டிருந்தன. முளைக்காததால் வெளியே எறியப்பட்டவை, பார்க்க முடியாதவளின் கட்டிலுக்கு அடியில் பிழைத்துக்கொண்டன.

முதலாளி புதன்கிழமை வருகிறார். நேராக அவரிடமே வாளியைக் கொண்டுபோய்க் காட்டிவிடலாம் என்பது அக்காவின் எண்ணம். நான்தான் தடுத்தேன். "மேடத்துக்குத் தெரியாம போனா அது வம்பாயிரும்க்கா. மொதல்ல அவங்ககிட்டக் காட்டிருவோம். அவங்களே பாஸ் பண்ணிட்டாங்கன்னா அப்புறம் யாரும் பேசமுடியாதுல்லா?" என்றேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். அதோடு, மேடம் ஒருமுறை சந்தோஷப்பட்டு நான் பார்க்கவேண்டும் என்ற ஆசையும் எனக்கு இருந்தது. அந்த ஆசை இல்லாமலிருந்தால் அக்கா சொன்னபடி விட்டிருப்பேனோ என்னவோ.

புதன்கிழமை காலை, முதலாளி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், செக்கிங் டேபிளில் வாளியை வைத்தோம்.

மேடம் ஒரு சுருளைப் பிரித்தார். வெகுநேரம் பார்த்தார். குச்சியைத் திருப்பினார், வெளிச்சத்தில் பிடித்தார், ஒரு வேரை நகத்தால் மெல்லத் தூக்கிப் பார்த்தார். "நல்லாருக்குதுங்க," என்றார். ஆறு வருஷத்தில் பின்னால் ஒரு 'ஆனா' இல்லாமல் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. குச்சியை வலப்பக்கம் வைத்தார். அடுத்ததைப் பிரித்தார். அதுவும் வலப்பக்கம்.

"ஏட்டி, எந்தப் பக்கம் வைக்காவ?" என்று அக்கா என் காதில் கேட்டாள்.

"வலப்பக்கம்க்கா."

அவள் கழுத்தில் கிடந்த ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டாள். முப்பத்தொன்றும் வலப்பக்கம் போனது. இடப்பக்கம் மேஜை வெறுமையாக இருந்தது. அக்காவும் மகளும் கணியூர் தோட்டத்தில் குடியிருப்பதாகவே நான் நினைத்துவிட்டேன்.

மேடம் கடைசிக் குச்சியை வைக்கும்போது அதில் ஒட்டியிருந்த சிவப்பு அம்பை விரலால் தடவினார்.

"இது எங்கிருந்துங்க அம்மிணி வந்துச்சு?"

"டப்பாவுலருந்து எடுத்தேன் மேடம். ரிஜெக்ட் டப்பா."

"ரிஜெக்ட் பண்ணுனது யாருங்க?"

அக்காவின் விரல் ஜெபமாலையின் மணியைத் தடவியது.

"சொல்லுங்க. சும்மா சொல்லுங்க."

"நீங்கதான் மேடம்."

"அப்ப நான் பண்ணுன செக்கிங் தப்புங்களா?"

இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? தப்பு என்று சொன்னால் அந்த ஊசி முனை முதல் எல்லாமே ஆட்டம் கண்டுவிடும். தப்பில்லை என்று சொன்னால் மேஜை மேல் இருக்கும் முப்பத்தொன்றும் ரிஜெக்ட். அக்கா, "எனக்குத் தெரியல மேடம். ஏதோ பொழச்சிக்கிட்டு," என்றாள்.

"ரிஜெக்ட் ஆனது வெளிய போகக் கூடாதுங்க அம்மிணி. உங்களுக்குத் தெரியாததுங்களா? பத்து வருசம் டேபிள்ல இருந்தவங்க நீங்க. வெளிய கொண்டுபோனா அதுக்குப் பேரு திருட்டுங்க." மேடம் சொல்வதில் ஒரு கோபமும் இல்லை. நூல் வெட்டுகிற ட்ரிம்மரை எடுத்து அக்காவின் கையில் வைத்தார். "நீங்களே வெட்டிப்போடுங்க. வேரை மட்டும் வெட்டுனாப் போதுமுங்க. வெட்டிப்போட்டீங்கன்னா நான் ஒண்ணும் எழுதலீங்க. புள்ள பரீட்சை முடியற வரைக்கும் ரூம்ல இருந்துக்குங்க. இல்லீன்னா நான் திருட்டுன்னு எழுதோணுமுங்க. எழுதுனா இன்னைக்கே கேட்டுக்கு வெளியிங்க. போலீசுக்குப் போறதும் போகாததும் மொதலாளி இஷ்டமுங்க."

"மேடம், அவரு கேட்டதே வேர்தானே மேடம்? வந்துட்டே மேடம்?"

"நேரமாச்சுங்க."

அக்கா என் பக்கம் திரும்பினாள். அவளுக்கு நான் நிழலாகத்தான் தெரிந்திருப்பேன். அதற்கே என்னால் முகம் கொடுக்க முடியவில்லை. அவள் முதல் குச்சியை எடுத்தாள். கண் தெரியாததால் இடது கை விரலால் வேர் தொடங்கும் இடத்தைத் தடவிக் கண்டுபிடித்து, அங்கே ட்ரிம்மரை வைத்து வெட்டினாள். வேர்கள் மேஜையில் விழுந்தன. பார்வை மங்கியபோது அதே விரலால்தான் பனியனில் ஓட்டையைத் தேடினாள். அழவில்லை. ஒவ்வொன்றாக வெட்டி இடப்பக்கம் வைத்துக்கொண்டே போனாள். நான் பக்கத்தில் நின்று அவளுக்கு அடுத்த குச்சியை எடுத்துக் கொடுத்தேன். உதவி செய்வதாக அப்போது என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

முடிந்தது. ஒரே ஒரு குச்சியில், தோலோடு ஒட்டி மேலே மடங்கிக் கிடந்த ஒரு வேர் வெட்டுப்படாமல் இருந்தது. கண் தெரியாமல் விட்டாளா, தெரிந்தே விட்டாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் பார்த்துவிட்டேன். வாயை மூடிக்கொண்டேன். அதைக் குப்பையிலிருந்து எப்படியாவது எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஆறு வருஷத்தில் நான் அவருக்கு எதிராக நினைத்த ஒரே காரியம் அது.

மேடம் வெட்டியதையெல்லாம் தன் பக்கம் இழுத்தார். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். நூற்றுக்கு நூறு. பத்தொன்பதாவதோ இருபதாவதோ கையில் வந்ததும் நின்றார். ஒரு சிவப்பு அம்பை உரித்து, அந்த ஒற்றை வேரைக் காட்டுகிற மாதிரி ஒட்டினார். அக்காவிடம் கொடுக்கவில்லை. என்னிடம் நீட்டினார்.

"இதுல ஒண்ணு விட்டுப்போச்சுங்க கண்ணு."

வெட்டினேன்.

முதலாளி வந்தபோது டேபிள் சுத்தமாக இருந்தது. சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய்க் கறுத்த குச்சிகளைப் பார்த்தார். "ஒண்ணு கூடவா புடிக்கலீங்க?" என்றார். "ஒண்ணும் பாஸ் ஆகலீங்க," என்றார் மேடம். முதலாளி, ரெஜிஸ்டர் வைத்திருந்த என்னைப் பார்த்தார். "ஆமாங்க," என்றேன். அந்த 'ங்க' என் வாயில் அவ்வளவு சுலபமாக வந்ததை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அக்ரி ஆபீசர் சொன்னது சரிதான் போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே அவர் ஆபீசுக்குள் போய்விட்டார்.

மேடம் சொன்ன சொல் தவறவில்லை. மார்ச்சில் பரீட்சை முடிகிற நாள் வரை அக்காவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு மகள் மத்தியானம் வந்தாள். சாப்பிடக்கூட விடாமல் வாட்ச்மேனை அனுப்பினார்கள். இரண்டு பை, ஒரு ஸ்டவ், ஒரு பெயின்ட் வாளி. டவுன் பஸ் ஏறுகிற வரைக்கும் நான் கூடப் போனேன். அக்கா என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஒடம்பப் பாத்துக்க புள்ள," என்றுதான் சொன்னாள்.

திரும்பி வந்தபோது மேடம் அந்த அறைக்குள் நின்றுகொண்டிருந்தார். காலி செய்துவிட்டுப் போன அறையை, ஆணி அடித்திருக்கிறார்களா, சுவரைக் கீறியிருக்கிறார்களா என்று பார்க்கவேண்டும் அல்லவா? சுவரைத் தடவினார். கதவின் பின்பக்கத்தைப் பார்த்தார். கட்டிலைத் தூக்கச் சொல்லி அடியைப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"ஒரு குறை இல்லீங்க. பாஸுங்க," என்றார்.

அப்போது நான் கம்பெனி ஹாஸ்டலில் எட்டுப் பேரோடு ஒரு ஹாலில் படுத்துக்கொண்டிருந்தேன். மேடம் சாவியை என் பக்கம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.